இன்ஜெக்டர்: ஊசியா, பீச்சுகுழலா?

ஒரு சொல்லால் எனக்கு ஒரு முழுநாள் வீணாகியது. என்னுடைய 125 சிசி வண்டி மேட்டில் இழுக்காமல் இருமிக்கொண்டே நின்றது. கராஜ் பாஸ், அதாவது மெக்கானிக், பார்த்துவிட்டு, "இன்ஜெக்டரை மாத்திப் பார்ப்போம்" என்றார். பெட்ரோலை அழுத்தத்தோடு எஞ்சினுக்கு விடுகிற சின்னக் கருவி அது. அட்டன் டவுனுக்குப் போகிற தம்பி ஒருவனிடம் துண்டுச்சீட்டில் வண்டியின் பெயரை எழுதி, கீழே "ஊசி – 1" என்று கொடுத்துவிட்டேன். இன்ஜெக்ஷன் என்றால் ஊசி, அப்படியென்றால் இன்ஜெக்டரும் ஊசிதானே என்ற தமிழ்ப்பற்று! மாலையில் ஒரு சின்னப் பொலித்தீன் பையில் வந்து சேர்ந்தது, நுனி கூர்ந்த ஒரு மெல்லிய கம்பி. அதே பெயரில் முன்பு வந்த, காபரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு விடும் பழைய கருவி) பூட்டிய வண்டிக்கு உரிய ஊசி. கடைக்காரரைக் குறைசொல்ல வழியில்லை. கேட்டதைத்தான் கொடுத்திருந்தார்.

கராஜில் ஊசி என்பது ஏற்கெனவே ஆள் குடியிருக்கிற வீடு. காபரேட்டருக்குள் இரண்டு ஊசிகள் உண்டு. ஒன்று, எக்ஸலேட்டரை முறுக்கும்போது மேலே ஏறி பெட்ரோலுக்கு வழிவிடுவது. மற்றது, மிதவை உயர்ந்ததும் பெட்ரோல் வரும் வாயை அடைப்பது. நாற்பது வருடமாக நம் பாஸ்மாருக்கு ஊசி என்றால் இவைதான். (பாஸ் என்ற சொல்லும் சும்மா வந்ததல்ல. அது டச்சுக்காரர் இலங்கையில் விட்டுப்போன 'பாஸ்', அதாவது மேஸ்திரி. ஆங்கிலத்து பொஸ்ஸும் அதே டச்சுச் சொல்லிலிருந்துதான் வந்தது. ஆனால் நமக்கு அது ஆங்கிலத்தைச் சுற்றி வரவில்லை.)

இன்ஜெக்ஷனின் வேரில் ஊசியே கிடையாது. லத்தீனில் 'இயாகெரெ' என்றால் எறிதல். முன்னால் 'இன்' சேர்ந்தால் உள்ளே எறிதல். ஆஸ்பத்திரியில் மருந்தை உள்ளே செலுத்துவதற்கு இந்தச் சொல்லை வைத்தார்கள். நாம் அந்தச் செயலை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரிந்த கருவியின் பெயரைப் பிடித்துக்கொண்டோம். "ஊசி போட்டாச்சா?" என்று கேட்பது அப்படித்தான் வந்தது. முன்னே எறிகிற புரொஜெக்டரும், திருப்பி எறிகிற ரிஜெக்டும் இதே குடும்பம். இதில் எனக்குப் பிடித்த உறவுக்காரர் 'ஜெட்'. லத்தீனிலிருந்து பிரெஞ்சு மொழிக்குப் போய், எறிதல் என்ற பொருளுள்ள 'ஜெதே' ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. காபரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளைகளான, பாஸ் ஊதிச் சுத்தம் செய்கிற மெயின் ஜெட்டும் பைலட் ஜெட்டும் அதுவே. அதனால் காபரேட்டரைக் கழற்றிவிட்டு இன்ஜெக்டர் போட்ட கம்பெனிகள், சொல்லின் கணக்கில் பார்த்தால், தம்பியை இறக்கிவிட்டு அண்ணனை ஏற்றியிருக்கின்றன.

காபரேட்டர் என்ற பெயரின் மூலம் லத்தீன் 'கார்போ'. கரி என்று பொருள். நம் கரிக்கும் அதற்கும் ஒலி ஒத்துப்போவதைப் பார்த்து, தமிழிலிருந்து போன சொல் என்று கிளம்புகிறவர்கள் உண்டு. இரண்டு சொற்கள் ஒன்றுபோலக் கேட்பது மட்டும் உறவுக்குச் சாட்சி ஆகாது.

தோட்டத்து லொறி ஓட்டியவர்களுக்கு இன்ஜெக்ஷன் புதுச் சங்கதி அல்ல. டீசல் எஞ்சினுக்கான இன்ஜெக்ஷன் பம்புகளை ஜெர்மனியின் பொஷ் கம்பெனி 1927லேயே பெருமளவில் செய்யத் தொடங்கிவிட்டது. லொறி பாஸ்மார் அதன் நுனியை 'நொசில்' என்றார்கள். அதற்கு ஆங்கிலத்தில் குட்டி மூக்கு என்று பொருள். பெட்ரோல் காருக்குக் கணினி வைத்த இன்ஜெக்ஷனை அதே பொஷ் 1967இல் கொண்டுவந்தது. பெயர் 'டி-ஜெட்ரோனிக்'. பாருங்கள், அங்கேயும் ஒரு ஜெட் ஒளிந்திருக்கிறது! முன்னால் நிற்கும் 'டி' ஜெர்மன் மொழியில் அழுத்தத்தைக் குறிக்கும். இந்த அழுத்தம் பின்னால் நம் மலைக்கு வேண்டியிருக்கும்.

சின்ன மோட்டார் சைக்கிளுக்கு அது வரப் பல காலம் பிடித்தது. இந்தியா 2020 ஏப்ரலில் புகைவிதியை இறுக்கியபோதுதான் அங்கே சிறு வண்டிகள் ஏறக்குறைய எல்லாமே இன்ஜெக்ஷனுக்கு மாறின. நமக்கு வண்டி பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அதற்கு முந்தின மாதமே, 2020 மார்ச்சில், இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்திவிட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு மறுபடி திறந்தது. இடையில் முன்னமே வந்த ஒருசில இன்ஜெக்ஷன் வண்டிகளைத் தவிர, மலையகத்துக் கராஜ்கள் பழைய காபரேட்டரைத்தான் பிழிந்து பிழிந்து ஓட்டின. சொல் தாமதமாக வந்ததற்கும், வந்தபோது ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்ததற்கும் காரணம் இது.

சரி, அது செய்வது என்ன? தேயிலை மலையில் மருந்தடிக்கிறவரைப் பாருங்கள். முதுகில் டாங்கி, ஒரு கையில் அழுத்துகிற பிடி, மறுகையில் நீண்ட குழாய், நுனியில் நொசில். பிடியை அழுத்த அழுத்த உள்ளே அழுத்தம் ஏறும். நொசிலைத் திறந்ததும் மருந்து புகைபோலப் பறக்கும். இன்ஜெக்ஷன் வண்டியும் இதுதான். டாங்கிக்குள் மின்பம்பு இருக்கிறது. அது பெட்ரோலைச் சுமார் 3 பார் அழுத்தத்தில் (1 பார் ஏறக்குறைய கடல்மட்டக் காற்றின் அழுத்தம்) பிடித்து வைத்திருக்கும். இன்ஜெக்டருக்குள் ஒரு மின்காந்தம், வண்டியில் உள்ள சிறு கணினி சொன்ன சில மில்லிசெக்கண்ட் மட்டும் வாயைத் திறந்து மூடும். எவ்வளவு நேரம் திறந்திருந்ததோ அவ்வளவு பெட்ரோல். காபரேட்டர் அப்படியல்ல. அங்கே காற்று வேகமாக ஓடி, அந்த இழுப்பில் பெட்ரோல் உறிஞ்சப்பட்டு வருகிறது. ஒன்று உறிஞ்சல், மற்றது பீச்சல். பழுது பார்க்கும்போது இந்த வித்தியாசம்தான் உயிர்.

மேட்டில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அவிசாவளையிலிருந்து அட்டன் வழியாக நுவரெலியா ஏறுகிற பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கீழே இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம்தான். காபரேட்டருக்கு இது தெரியாது. கீழே வைத்த ஜெட்டின் அளவிலேயே பெட்ரோலை விட்டுக்கொண்டிருக்கும், காற்றோ மெலிந்துபோகும். பிளக் கறுத்து, வண்டி மூச்சுத் திணறும். இன்ஜெக்ஷன் வண்டிகள் பலவற்றில் உள்ளிழுக்கும் குழாயின் அழுத்தத்தை அளக்கும் உணரி (சென்சர்) ஒன்று உண்டு. சாவியைத் திருப்பி, எஞ்சின் சுழல்வதற்கு முன் அது காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்தையே. கணினிக்கு மலையின் உயரம் அப்போதே தெரிந்துவிடும். கீழே ஸ்டார்ட் பண்ணி நிறுத்தாமல் ஏறி வந்தவருக்கும் அது வழியில் திருத்திக்கொள்ளும். எக்ஸலேட்டரை முழுக்க முறுக்கும் நேரத்தில் உள் அழுத்தமும் வெளி அழுத்தமும் கிட்டத்தட்ட ஒன்றாகும் அல்லவா?

இனிப் பழுது. என் பாஸ் சொன்ன முதல் வாக்கியம்: "தம்பி, முதல்ல காதைக் குடு." சாவியைத் திருப்பினால் டாங்கிக்குள் இரண்டு மூன்று செக்கண்ட் ரீங்காரம் கேட்க வேண்டும். அது பம்பு அழுத்தம் ஏற்றும் சத்தம். சத்தம் இல்லையென்றால் இன்ஜெக்டரைத் தொடவே வேண்டாம். ஃபியூஸ், ரிலே, நிறுத்தும் சுவிட்ச், வண்டி கவிழ்ந்தால் எஞ்சினை நிறுத்துகிற சாய்வு உணரி, பேட்டரி, இவற்றைப் பார்க்க வேண்டும். பேட்டரி இறங்கிப்போனால் நம் பரம்பரை வைத்தியமான சரிவில் உருட்டிவிட்டு கியர் போடுவது பெரும்பாலும் பலிக்காது. பம்புக்கும் கணினிக்கும் இன்ஜெக்டருக்கும் மின்சாரம் வேண்டும். காபரேட்டருக்கு எந்த மின்சாரமும் வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு விளக்கு. மஞ்சள் எஞ்சின் விளக்கு சிமிட்டுவதை எண்ணிப் பார்க்கலாம். ஹோண்டாவின் பல சிறு வண்டிகளில் நீண்ட சிமிட்டல் 10, குறுகியது 1. ஒரு நீளமும் இரண்டு குறுகலும் சேர்ந்தால் 12, அதாவது இன்ஜெக்டரின் மின்சுற்று. 8 என்றால் எக்ஸலேட்டர் உணரி. மற்றக் கம்பெனிகளின் எண்கள் வேறு. எண் சுட்டுவது மின்சுற்றைத்தான். நொசில் குப்பையால் அடைத்திருந்தால், மின்காந்தம் சரியாக இயங்கும்வரை விளக்கு வாய் திறக்காது.

அடைப்பு இங்கே அதிகம். 2022இல் பெட்ரோல் வரிசையில் நின்று, வாரத்துக்கு 4 லீட்டர் கிடைத்த காலத்தில் கான், போத்தல், பழைய எண்ணெய்ப் பீப்பாய் என்று கிடைத்ததிலெல்லாம் பெட்ரோலைச் சேர்த்து வைத்தோம். தண்ணீரும் துருவும் அந்த வழியே டாங்கிக்குள் போயின. பெட்ரோல் வற்ற வற்ற ஓட்டினால் பம்பும் போய்விடும், ஏனென்றால் அது மூழ்கியிருக்கிற பெட்ரோல்தான் அதைக் குளிர வைக்கிறது. அடைத்த இன்ஜெக்டரைத் திறக்க, ஜெட்டுக்குச் செய்ததுபோல கிளட்ச் வயரின் நூல் ஒன்றை எடுத்துக் குத்துகிறார்கள். ஊசி என்று பெயர் வைத்ததன் பாவம் இதிலும் கொஞ்சம் இருக்கிறதோ என்று தோன்றும். துளைகள் மயிரிழை அளவானவை. கம்பி பட்டால் பீச்சல் கோணலாகி ஒரு பக்கமாகச் சொட்டத் தொடங்கும். மீயொலித் (அல்ட்ராசோனிக்) தொட்டியில் போட்டுச் சுத்தம் செய்யும் கராஜுக்குக் கொடுப்பதே மேல்.

மாற்றங்களைப் பற்றி நான் கொஞ்சம் கண்டிப்பானவன். சைலன்சரை மாற்றி, காற்று வடிகட்டியைக் கழற்றினால் உள்ளே வரும் காற்றின் கணக்கு மாறும். ஆனால் கணினியிடம் இருப்பது கம்பெனி எழுதிய அட்டவணை. ஒட்சிசன் உணரி சீரான ஓட்டத்தில் மட்டும், அதுவும் ஒரு எல்லைக்குள் திருத்தும். முழு முறுக்கில் அது பேசாது. பெரிய இன்ஜெக்டர் போட்டாலும் இதே கதை. கணினிக்கு அது தெரியாது, அதே நேரம்தான் திறக்கும், பெட்ரோல் வழியும். காற்றின் வெப்பத்தை அளக்கும் உணரியோடு ஒரு தடையைச் சேர்த்து, குளிர்காற்று என்று கணினியை ஏமாற்றும் வித்தையும் உண்டு. நுவரெலியாவில் காற்று ஏற்கெனவே குளிர். அதை இன்னும் குளிராகக் காட்டி என்ன இலாபம்? அட்டவணையையே திருத்தி எழுதத் தெரிந்தவர் கையில் கொடுக்காத மாற்றம் பெட்ரோல் செலவுதான்.

தமிழ்ச் சொல்லுக்கு வருகிறேன். புத்தகங்கள் 'எரிபொருள் உட்செலுத்தல்' என்கின்றன. பிழையில்லை, ஆனால் உயிரில்லை. பெட்ரோல் செட்டில் டாங்கிக்கு ஊற்றுவதும் உட்செலுத்தல்தானே? வாகனமும் செலுத்துகிறோம், வரியும் செலுத்துகிறோம். இந்தச் சொல்லில் அழுத்தமும் இல்லை, துளையும் இல்லை. 'தெளிப்பான்' நல்ல சொல், ஆனால் மருந்தடிக்கும் கருவி அதை எடுத்துக்கொண்டுவிட்டது. எனக்கு 'பீச்சு' பிடிக்கிறது. மடியிலிருந்து பால் பீச்சுகிறோம். மூங்கிலில் பிள்ளைகள் பீச்சாங்குழல் செய்கிறார்கள். அழுத்தம், சிறு வாய், பாய்ச்சல் மூன்றும் அந்த ஒரு வினைக்குள் இருக்கின்றன. எறிதல் என்ற லத்தீன் வேருக்கும் அதுவே நெருக்கம். வில்லங்கம் ஒன்று உண்டு. 'பீச்சல்' என்று தனியாகச் சொன்னால் வயிற்றுப்போக்கு ஞாபகத்துக்கு வந்து கராஜே சிரிக்கும். அதனால் கருவிக்குப் 'பீச்சுகுழல்', முறைக்கு 'எரிபொருள் பீச்சும் முறை' என்று வைத்துக்கொள்கிறேன்.

அடுத்த தடவை தம்பியிடம் கொடுத்த சீட்டில் "இன்ஜெக்டர் – 1" என்று எழுதி, கீழே சின்ன எழுத்தில் "பீச்சுகுழல்" என்றும் சேர்த்தேன். சரியான சாமான் வந்தது. "அண்ணே, கடைக்காரர் கேட்டாரு, பீச்சுகுழல்னா இந்தியன் கம்பெனியா ஜப்பான் கம்பெனியான்னு" என்றான் அவன்.