பைன் மரத்தின் பிசினும் பட்டை வண்டின் மோப்பமும்

சீனாவின் ஷான்ஷி மாகாணத்தில் பைன் மரங்களைக் கொன்றுகொண்டிருந்த ஒரு செந்நிற வண்டு 1998-இல் கண்டறியப்பட்டது. ஒரு சென்டிமீட்டர்கூட நீளமில்லாத அதன் பெயர் சிவப்பு டர்பன்டைன் வண்டு; மரப்பட்டையைத் துளைத்து உள்ளே வாழும் பட்டை வண்டுகளில் ஒன்று. வட அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான மரக்கட்டைகளோடு வந்திருக்கும் என்று கருதுகிறார்கள். சொந்த மண்ணில் இது பெரிய ஆபத்தில்லை. தீயில் கருகிய மரம், வெட்டிய அடிக்கட்டை, நலிந்த மரம் இவற்றைத்தான் பெரும்பாலும் நாடும். சீனாவிலோ நல்ல மரங்களையும் லட்சக்கணக்கில் சாய்த்தது. அப்படியானால் பட்டை வண்டை எதிர்த்து நிற்கும் பலம் பைன் போன்ற ஊசியிலை மரத்துக்கு எங்கிருந்து வருகிறது?

முதல் அரண் பிசின். பைன் மரத்தின் பட்டையிலும் கட்டையிலும் மெல்லிய குழாய்களில் அது அழுத்தத்தோடு நிறைந்திருக்கும். துளைக்கும் வண்டு ஒரு குழாயை அறுத்தால் போதும், பிசின் பொங்கி வந்து அதை வெளியே தள்ளும் அல்லது அங்கேயே மூழ்கடிக்கும். பிசினில் உள்ள மோனோடெர்பீன்கள் என்ற, எளிதில் ஆவியாகும் வாசனைப் பொருள்கள் வண்டுக்கு நஞ்சு. அவை ஆவியான பிறகு மிஞ்சும் பிசின் அமிலங்கள் இறுகி ஓட்டையை அடைத்துவிடும். நஞ்சையும் மருந்தையும் ஒரே சொட்டில் வைத்திருக்கும் இந்த ஏற்பாடு எனக்கு இன்றும் வியப்புதான்.

வண்டு தன் உடம்பில் பூஞ்சையையும் சுமந்து வரும். அதற்கு மரத்திடம் இரண்டாவது பதில் இருக்கிறது. காயத்தைச் சுற்றியுள்ள தன் திசுவைத் தானே சாகவிட்டு, அந்த இடத்தை டெர்பீன்கள், ஃபீனால்கள் என்ற தற்காப்பு வேதிப்பொருள்களால் நிரப்பிவிடும். பூஞ்சை அதைத் தாண்டிப் பரவ முடியாமல் முடங்கும். ஆனால் இதற்கெல்லாம் சர்க்கரையும் நீரும் செலவாகும். வறட்சியில் இலைத்துளைகள் மூடிக்கொள்ள, சர்க்கரை உற்பத்தி குறையும்; பிசின் அழுத்தமும் இறங்கும்.

இந்தப் பிசினையே துருப்புச்சீட்டாக்கிக்கொண்ட வண்டுகளும் உண்டு. மேற்கு வட அமெரிக்காவின் மலைப் பைன் வண்டில், முதலில் துளைக்கும் பெண், பிசினிலுள்ள ஆல்ஃபா-பைனீன் என்ற மோனோடெர்பீனை டிரான்ஸ்-வெர்பினால் என்ற வாசனையாக மாற்றி மற்ற வண்டுகளை அழைக்கும். நூற்றுக்கணக்கில் வந்து ஒரே சமயத்தில் துளைத்தால், பிசின் எத்தனை ஓட்டைக்குத்தான் ஈடுகொடுக்கும்? மரம் நிறைந்ததும் வெர்பினோன் என்ற இன்னொரு வாசனை, 'இங்கே இடமில்லை' என்று அறிவிக்கும். அந்த வெர்பினோனைப் பொட்டலங்களில் வைத்து மரத்தில் அடித்துக் காப்பாற்றவும் பார்க்கிறார்கள்.

ஆக, எதிர்ப்புக்குப் பிசின் மட்டும் போதாது, அந்த வண்டோடு மர இனத்துக்கு நெடுநாள் பழக்கமும் வேண்டும். கனடாவில் லாட்ஜ்போல் பைன் என்ற ஒரே இன மரங்களுக்குள்ளேயே இந்த வேறுபாடு தெரிந்தது. மலைப் பைன் வண்டோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த காட்டைவிட, அதை அறியாத காட்டில் வண்டு அதிகமாகப் பெருகியது. புதிதாக வரும் வண்டு இந்த இடைவெளியில்தான் நுழைகிறது.

சீனாவில் இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. டர்பன்டைன் வண்டு சுமக்கும் ஒரு பூஞ்சையின் சில வகைகள் சீனாவில் மட்டுமே காணப்பட்டவை. அவை தொற்றினால் சீனப் பைன் கன்றுகள் 3-கரீன் என்ற மோனோடெர்பீனைக் கூடுதலாக உற்பத்தி செய்கின்றன. அந்த வாசனைதான் இந்த வண்டை வலுவாக இழுப்பது! தன்னைக் காக்க மரம் சுரப்பதே அடுத்த வண்டுக்கு வழிகாட்டுகிறது.

அப்படியும் பிழைக்கும் மரங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் வண்டுத் தாக்குதலில் தப்பிய பைன்களின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்தபோது, மாண்டவற்றைவிட அவற்றில் பிசின் குழாய்கள் பெரிதாகவோ அதிகமாகவோ இருந்தன. வேகமாக வளர்ந்தது தப்பியதற்குக் காரணமென்று சொல்ல முடியவில்லை. குழாய்களே நல்ல அடையாளம். இந்தக் குணத்தில் ஒரு பகுதி மரபுவழி வருவது, மீதி மண்ணையும் நீரையும் பொறுத்தது. நெருக்கமான காட்டில் சில மரங்களை எடுத்துவிட்டால் மிஞ்சியவற்றுக்கு நீரும் வெயிலும் தாராளமாகக் கிடைக்கும். அடுத்தடுத்த வளையங்களில் குழாய்களும் பெருகும்.