கேட்டால் ஒன்று, குறித்தால் வேறொன்று

யாழ்ப்பாணத்து இணுவிலில் இருந்து ஒரு மாணவி எழுதியிருக்கிறார்: "சுன்னாகம், மருதனார்மடம் சந்தைகளின் வெங்காய விலையைக் காட்டும் செயலி ஒன்று செய்தோம். தோட்டக்காரரிடம் கேட்டால் 'எல்லாம் நல்லாத்தான் இருக்குது பிள்ளை' என்கிறார்கள். ஆனால் ஒருவரும் அதைத் திறப்பதில்லை. பயன்படுத்துபவர்களையே நடந்ததை அவ்வப்போது எழுதச் சொல்லும் நாட்குறிப்பு ஆய்வு செய்து பார் என்கிறார் விரிவுரையாளர். நேரே கேட்டுத் தெரியாதது எழுதச் சொன்னால் மட்டும் தெரியுமா?"

தெரியும். தோட்டக்காரர் பொய் சொல்லவில்லை, நினைவில் நின்றதைச் சொல்கிறார். நாளாக நாளாக மறக்கிறோம் என்பதை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885இலேயே அளந்து காட்டிவிட்டார். மறக்காமல் மிஞ்சுவதும் ஒழுங்காக மிஞ்சுவதில்லை. மருத்துவர் ரெடெல்மையரும் உளவியலாளர் கானமனும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், பெருங்குடலைக் கருவி விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு வந்தவர்களின் வலியை அது நடக்கும்போதே பதிந்தார்கள். பிறகு மொத்தத்தில் எப்படி இருந்தது என்று கேட்டபோது, பதில் வலியின் உச்சத்தையும் கடைசி நிமிடங்களையும் ஒட்டியே வந்தது. எவ்வளவு நேரம் நீடித்தது என்பது கணக்கில் வரவில்லை.

சரி, அப்படியானால் உடனுக்குடன் எழுத ஒரு கொப்பியைக் கொடுத்துவிடலாமா? எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இங்கேதான் வருகிறது. அமெரிக்காவில் ஆர்தர் ஸ்டோன் குழுவினர், நீண்டகால வலியுள்ளவர்களிடம் காகித நாட்குறிப்பைக் கொடுத்து, தினம் மூன்று தடவை நேரம் தவறாமல் எழுதச் சொன்னார்கள். அதன் உறைக்குள் ஒளியை உணரும் சிறு கருவி ஒளிந்திருந்தது. உறையைத் திறந்தால் வெளிச்சம் படும், நேரம் பதிவாகும். எழுதியவர்களுக்கு இது தெரியாது. பக்கங்களைப் பார்த்தால் 90 வீதம் நேரத்துக்கு எழுதப்பட்டிருந்தது. ஒளிப் பதிவின்படி உண்மை 11 வீதம்தான். உறை திறக்கப்படாத நாள்கள் 32 வீதம். அந்த நாள்களுக்கும் குறிப்புகள் அழகாக நிரம்பியிருந்தன. விட்டதைப் பிறகு மொத்தமாக எழுதியிருக்கிறார்கள், சிலர் முன்கூட்டியேகூட. நேரத்துக்கு ஒலி எழுப்பி, எழுதிய நேரத்தைத் தானே பதியும் கையடக்கக் கருவி கொடுக்கப்பட்டவர்களோ 94 வீதம் சரியாகச் செய்தார்கள். 2002இல் இது வெளிவந்த பிறகும் ஒரு திட்ட அறிக்கையில் 'கொப்பிகள் முழுமையாக நிரப்பப்பட்டன' என்று பெருமையாக எழுதியிருந்தால் எனக்கு வயிறு எரியும்.

ஆகவே நிகழ்வுக்கும் குறிப்புக்கும் இடையிலுள்ள நேரத்தைச் சுருக்குங்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிராண்ட், வைஸ், க்ளெம்மர் 2007இல் காட்டிய வழி இதற்குப் பொருந்தும்: அந்தக் கணத்தில் ஒரு துணுக்கு மட்டும், விவரம் ஆறுதலாகப் பின்னேரம். செம்பாட்டு மண் அப்பிய கையால் யாரும் பந்தி பந்தியாக எழுதப்போவதில்லை. வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு போதும்: "பிள்ளை, விலை பார்க்கப் போனன், வெயிலுக்கை எழுத்துத் தெரியேல்லை." நேர்காணலில் இந்த வெயில் வந்தே இராது, திண்ணை நிழலில்தானே கேட்டிருப்பீர்கள்.

எதைக் குறிக்கச் சொல்வது என்பதிலும் கவனம் வேண்டும். செயலியைத் திறந்தால் குறியுங்கள் என்றால், திறக்காதவரிடமிருந்து ஒன்றும் வராது. வெங்காய விலை அறிய வேண்டிவந்த ஒவ்வொரு தடவையும் அனுப்பச் சொல்லுங்கள். அப்போது, சந்தைக்காரருக்குக் கோல் எடுத்தார், பக்கத்துத் தோட்டத்தில் கேட்டார் என்பதெல்லாம் வரும்.

எழுதச் சொல்வதாலேயே பழக்கமும் மாறும், செயலியை வழமையைவிடக் கூடத் திறப்பார்கள். செயலி எப்போது திறக்கப்பட்டது என்று தானாகப் பதிவாகும் சேவையகப் பதிவுகளில், ஆய்வுக்கு முன்னும் பின்னுமானவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம், செலவுக் கணக்கில் அவர்களின் டேட்டாவுக்கு ரீலோட் காசும் நேரத்துக்குக் கொடுப்பனவும் சேருங்கள். செயலி கட்டக் காசு இருக்கிறது, தோட்டக்காரரின் நேரம் மட்டும் சும்மா கிடைக்க வேண்டும் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கடைசி நேர்காணலில் அவரவர் துணுக்கைப் போட்டுக் காட்டி, "இதுக்குப் பிறகு என்ன செய்தீங்கள் ஐயா?" என்று கேளுங்கள். ஒன்றும் வராத நாள்களைப் பற்றியும் கேளுங்கள். அன்று விலை தேவைப்படவில்லையா, தேவைப்பட்டும் அனுப்ப மறந்தாரா என்பதைப் பிரித்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.