முடி கொட்டுது, பழி மாத்திரைக்கு

தைராய்டு குறைவு என்று தெரிந்து மாத்திரை தொடங்கியவர்களில் பலர், இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரே புகாரோடு டாக்டரிடம் வருவார்கள்: "இந்த மாத்திரை போட ஆரம்பிச்ச அப்புறம்தான் முடி கொத்துக் கொத்தா கொட்டுது." அசதி குறைந்திருக்கும், மலச்சிக்கல் போயிருக்கும், முக வீக்கம் வடிந்திருக்கும். ஆனால் சீப்பு நிறைய முடி. மருந்தோடு வரும் தகவல் தாளைப் பிரித்துப் படித்தால் சந்தேகம் உறுதியே ஆகிவிடும். லெவோதைராக்ஸின் என்ற இந்தத் தைராய்டு மாத்திரை தொடங்கிய முதல் சில மாதங்களில் கொஞ்சம் முடி உதிரலாம், பெரும்பாலும் அது தற்காலிகமானது என்று அந்த மருந்தின் விவரக் குறிப்பிலேயே உண்டு.

தேதி வைத்துப் பார்த்தால் குற்றச்சாட்டு சரிதான். காரணத்தில்தான் கோளாறு. இன்றைக்கு உதிரும் முடியின் தலைவிதி எழுதப்பட்டது இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்னால். அதாவது, மாத்திரை இன்னும் வீட்டுக்குள் வராத நாட்களில்.

தலையில் ஏறக்குறைய 1,00,000 முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு மயிர்க்கால். ஒவ்வொரு மயிர்க்காலும் பக்கத்தில் இருப்பதைப் பற்றிக் கவலைப்படாமல் தன் சுழற்சியில் போய்க்கொண்டிருக்கும். வளர்ச்சிப் பருவம் 2 முதல் 6 ஆண்டுகள் வரை நீடிக்கும். அந்தக் காலத்தில் முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. நீள்கிறது. பிறகு இரண்டு மூன்று வாரத்தில் மயிர்க்கால் சுருங்கி, சுமார் மூன்று மாதம் ஓய்வுக்குப் போய்விடுகிறது. ஓய்வில் இருக்கும் முடி வளராது. ஆனால் உடனே விழவும் விழாது. தலையிலேயே உட்கார்ந்திருக்கும். பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஓய்வு முடியும் கட்டத்தில்தான் அது கழன்று விழுகிறது.

இதை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போடலாம். சாதாரணமாகப் பத்தில் ஒரு பங்கு முடி ஓய்வில் இருக்கும், அதாவது 10,000. ஓய்வுக்காலம் சுமார் 100 நாள். அப்படியானால் தினமும் 100 முடி விழுவது இயல்பு. ஓய்வில் இருக்கும் பங்கு இரண்டு மடங்கானால் தினமும் 200. தலையைப் பார்க்கிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. குளியலறை வடிகாலைச் சுத்தம் செய்கிறவருக்கு நன்றாகத் தெரியும்.

சரி, தைராய்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? வளர்ச்சிப் பருவத்தில் மயிர்க்காலின் அடியில் இருக்கும் செல்கள், உடம்பிலேயே மிக வேகமாகப் பெருகும் செல்களில் சேர்ந்தவை. அந்த வேகத்துக்கு எரிபொருளும் வேண்டும், 'தொடர்ந்து பெருகு' என்ற உத்தரவும் வேண்டும். தைராய்டு சுரப்பி பெரும்பாலும் டி4 என்ற ஹார்மோனை அனுப்புகிறது (மாத்திரையில் இருப்பதும் இதுதான்). திசுக்கள் அதிலிருந்து ஒரு அயோடின் அணுவைக் கழற்றி, வீரியம் கூடிய டி3 ஆக்கிக்கொள்கின்றன. மனிதத் தலைத்தோலிலிருந்து எடுத்த மயிர்க்கால்களை ஆய்வகத்தில் உயிரோடு வைத்து இந்த ஹார்மோன்களைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. ஹார்மோன் கிடைத்த மயிர்க்கால்களில் வளர்ச்சிப் பருவம் நீண்டது. டி4 கிடைத்தவற்றில் அடிச்செல்கள் கூடுதலாகப் பெருகின. நிறமி உற்பத்திகூட அதிகமானது. (அதற்காக நரைத்த முடி மாத்திரையால் கருத்துவிடும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். ஆய்வகத் தட்டு வேறு, தலை வேறு.)

ஹார்மோன் குறையும்போது இதெல்லாம் தலைகீழாகிறது. வளர்ச்சியில் இருந்த மயிர்க்கால்களில் பல சீக்கிரமே ஓய்வுக்குப் போகின்றன. ஓய்வில் இருப்பவை எழுந்திருக்க மறுக்கின்றன. முளைக்கும் முடியும் வறண்டு, சொரசொரப்பாக, எளிதில் உடைவதாக இருக்கும். புருவத்தின் வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கு மெலிவதைத் தைராய்டு குறைவின் அடையாளமாகப் பழைய மருத்துவப் புத்தகங்கள் சொல்லும். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை, அப்படி ஆனவர்களுக்கெல்லாம் தைராய்டு கோளாறும் இல்லை. உதிர்வு பொதுவாகத் தலை முழுக்கச் சமமாகப் பரவியிருக்கும். ஓரிடத்தில் மட்டும் சொட்டையாகாது.

இப்போது மாத்திரைக்கு வருவோம். ஒருவர் ஜனவரி முதல் தேதி தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நவம்பரிலும் டிசம்பரிலும் ஹார்மோன் இல்லாமல் ஓய்வுக்குப் போன முடிகள் தலையிலேயே இருக்கின்றன. அவை விழவேண்டிய முறை பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வருகிறது. மாத்திரை போட்டாலும் போடாவிட்டாலும் அவை விழத்தான் செய்யும். இது முதல் பங்கு.

இரண்டாவது பங்கில் மாத்திரைக்கு நிஜமாகவே கை இருக்கிறது. நீண்ட நாளாகத் தூங்கிக்கொண்டிருந்த மயிர்க்கால்களுக்கு ஹார்மோன் மறுபடி போய்ச் சேர்ந்ததும், அவற்றில் நிறைய ஏறக்குறைய ஒரே சமயத்தில் விழித்துக்கொள்கின்றன. அடியில் புது முடி கிளம்புகிறது. மேலே ஒட்டிக்கொண்டிருந்த பழையது இடம்விட்டு விழுகிறது. குழந்தையின் பால்பல் விழுவதைப் போலத்தான். பல் விழுந்ததே என்று யாரும் அழுவதில்லை, புதுப்பல் வருகிறது என்று தெரியும். ஆனால் ஒரே வாரத்தில் எட்டுப் பல் விழுந்தால் எந்தத் தாயும் பயப்படத்தான் செய்வாள். முடி வளர மினாக்ஸிடில் தடவ ஆரம்பிப்பவர்களுக்கும் முதல் சில வாரங்களில் உதிர்வு கூடுவது இதே காரணத்தால்தான்.

சந்தேகம் இருந்தால், விழுந்த முடி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில், கறுப்புத் துணி மேல் வைத்துப் பாருங்கள். ஒரு முனையில் குண்டூசித் தலையைவிடச் சிறியதாக ஒரு வெள்ளை முண்டு தெரியும். "ஐயோ, வேரோடு வந்துவிட்டதே" என்று பலர் பதறுவது இதைப் பார்த்துத்தான். அது வேர் இல்லை. ஓய்வுக்குப் போன முடியின் அடிநுனி கெட்டிப்பட்டு உருண்டிருக்கிறது, அவ்வளவுதான். முடியை உற்பத்தி செய்யும் மயிர்க்கால் தோலுக்குள் அப்படியே இருக்கிறது. முண்டே இல்லாமல் இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டதுபோல் இருந்தால் அது உதிர்வே அல்ல, நடுவில் உடைந்த முடி. உடைவதற்கான காரணங்களும் வேறு, வைத்தியமும் வேறு.

இந்த மாத்திரை அவசரமே படாத மருந்து. அதன் அரை ஆயுள் சுமார் 7 நாள். அதாவது இன்று போட்ட மாத்திரையில் பாதி ஒரு வாரம் கழித்தும் உடம்பில் இருக்கும். ரத்தத்தில் அளவு ஒரு நிலைக்கு வர ஐந்தாறு வாரம் ஆகிறது. அதனால்தான் ஒவ்வொரு முறை அளவை மாற்றிய பிறகும் 6 முதல் 8 வாரம் கழித்து டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்ட மூளையடிச் சுரப்பி அனுப்பும் ஹார்மோன்; தைராய்டு ஹார்மோன் குறைந்தால் இது கூடும், மிஞ்சினால் குறையும்) பார்க்கச் சொல்கிறார்கள். ரத்தம் சீராக இரண்டு மாதம், விழித்த மயிர்க்காலிலிருந்து முடி தோலுக்கு வெளியே வர இன்னும் சில வாரம், அப்புறம் மாதத்துக்கு 1 செ.மீ. கண்ணாடியில் வித்தியாசம் தெரிய ஆறு மாதமாவது ஆகும். நீளமான கூந்தலுக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். நெற்றியோரத்திலும் வகிட்டிலும் படியாமல் குத்திட்டு நிற்கும் குட்டை முடிகள் தெரிய ஆரம்பித்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

மாத்திரை ஒழுங்காக உடம்பில் சேர்வதே பல பேருக்குப் பெரிய பாடு. வெறும் வயிற்றில், தண்ணீரோடு, சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாகப் போட வேண்டும். மாத்திரையை விழுங்கிய கையோடு காபி குடித்தால் உறிஞ்சப்படும் அளவு குறைகிறது. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் குடலிலேயே இதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நான்கு மணி நேர இடைவெளி தேவை. முடி கொட்டுகிறதே என்று இரும்புச்சத்து மாத்திரை வாங்கி, மறந்துவிடக் கூடாதென்று தைராய்டு மாத்திரையோடு சேர்த்தே விழுங்குபவர் தைராய்டு மாத்திரையின் பலனை ஓரளவு இழக்கிறார்.

அளவு கூடிப்போனாலும் முடி கொட்டும். இது மாத்திரையை நேரடியாகவே குற்றம் சொல்லக்கூடிய சந்தர்ப்பம். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, காரணமில்லாத எடைக்குறைவு ஆகியவையும் கூடவே வந்தால் அந்தப் பக்கம் யோசிக்க வேண்டும். மைக்ரோகிராம் கணக்கில் கொடுக்கும் மருந்து இது: சுரப்பி முழுமையாக நின்றுபோனவருக்கு எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம், 60 கிலோ ஆளுக்கு 100-ஐ ஒட்டி. இத்தனை சின்ன அளவில் 25 கூடினாலும் குறைந்தாலும் உடம்புக்குத் தெரியும்.

இந்த இடத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முடி கொட்டுகிறது என்றதும் பலர் டாக்டரைக் கேட்காமலே வாங்குவது பயோட்டின் என்ற விட்டமின் மாத்திரை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் பயோட்டின் போதும் என்பது பொதுவான கணக்கு. கூந்தலுக்கென்று விற்கும் மாத்திரைகளில் 5,000, சிலவற்றில் 10,000 மைக்ரோகிராம் இருக்கும். பயோட்டின் குறைபாடு இல்லாதவருக்கு அதனால் முடி வளரும் என்பதற்கு வலுவான ஆதாரம் கிடையாது. காசு போனால் போகட்டும், பெரிய தொல்லை ரத்தப் பரிசோதனையில் வருகிறது.

பல பரிசோதனைக் கருவிகளுக்குள் பசையாக வேலை செய்வது இதே பயோட்டின்தான். ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம் பயோட்டினை விடாப்பிடியாகப் பற்றிக்கொள்ளும். டிஎஸ்எச் பரிசோதனையில், டிஎஸ்எச்சைப் பிடிக்கும் எதிர்ப்புரதத்தில் பயோட்டினை ஒட்டிவிட்டு, ஸ்ட்ரெப்டாவிடின் பூசிய மணிகளில் அதைச் சிக்கவைத்து, மிச்சத்தைக் கழுவிவிட்டு அளக்கிறார்கள். ரத்தத்திலேயே பயோட்டின் வழிந்துகொண்டிருந்தால் அது முந்திப்போய் அந்த மணிகளில் இடம்பிடித்துவிடும். டிஎஸ்எச்சைச் சுமந்த எதிர்ப்புரதம் ஒட்ட இடமில்லாமல் கழுவலில் போய்விடும். விளைவு, டிஎஸ்எச் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். டி4, டி3 பரிசோதனைகள் வேறு முறையில் நடப்பதால் அங்கே அதே குளறுபடி அளவைக் கூட்டிக் காட்டும். டிஎஸ்எச் குறைவு, டி4 அதிகம்: காகிதத்தில் பார்த்தால் மாத்திரை அளவு மிஞ்சிவிட்டதற்கான அப்பழுக்கற்ற அறிகுறி!

டாக்டர் அளவைக் குறைக்கிறார். உண்மையில் போதுமான அளவாக இருந்தது இப்போது போதாமல் போகிறது. சில மாதத்தில் முடி இன்னும் கொட்டுகிறது. பயோட்டின் ஒன்றுக்கு இரண்டாகிறது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இந்தக் குறுக்கீடு பற்றி 2017இல் எச்சரிக்கை வெளியிட்டு, 2019இல் புதுப்பித்தது. மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையும் இதே பசையை நம்பி நடக்கும் இடங்களில் தவறிப்போகலாம் என்பது அதன் முக்கியக் கவலை. எல்லாக் கருவிகளும் இந்த முறையைப் பயன்படுத்துவதில்லை; ஆனால் உங்கள் ரத்தம் எந்தக் கருவிக்குள் போகும் என்று உங்களுக்குத் தெரியாதே. தைராய்டு பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்திவிடுவதும், அதைச் சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்வதும்தான் பாதுகாப்பு. 'வெறும் விட்டமின்தானே' என்று சொல்லாமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

டிஎஸ்எச் நிஜமாகவே சீராகி ஆறேழு மாதம் ஆன பிறகும் உதிர்வு அடங்கவில்லை என்றால், தைராய்டை விட்டு வேறு பக்கம் பார்க்க வேண்டும். முதலில் ஃபெரிட்டின், அதாவது இரும்புச்சத்தின் சேமிப்பு. தைராய்டு குறைவில் மாதவிடாய் ரத்தப்போக்கு அதிகமாகலாம், அதனால் இரும்பு கரைந்துபோகும். வட்டமாக, வழவழவென்று ஓரிடத்தில் மட்டும் சொட்டை விழுந்தால் அது புழுவெட்டு. புழு எதுவும் வெட்டுவதில்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தியே மயிர்க்காலைத் தாக்குகிறது. தைராய்டு குறைவுக்கு முக்கியக் காரணமான ஹாஷிமோட்டோ நோயும் அதே ரகம் என்பதால் இரண்டும் ஒரே ஆளுக்கு வருவதுண்டு. வகிடு மட்டும் மெல்ல மெல்ல அகலமாவது பரம்பரை வழுக்கையாக இருக்கலாம். அதைத் தைராய்டு மாத்திரை ஒன்றும் செய்யாது. பிரசவமான இரண்டு முதல் நான்கு மாதத்தில் முடி கொட்டுவது இயற்கை. சில தாய்மார்களுக்குத் தைராய்டு அழற்சி வருவதும் அதே மாதங்களையொட்டித்தான். அங்கே பரிசோதனை பார்க்காமல் ஊகிப்பது சரிவராது.

கடைசியாக, மாத்திரையை நிறுத்திப் பார்த்தவர்களின் வாக்குமூலம். "நிறுத்தினேன், முடி கொட்டுவது நின்றது" என்று இவர்கள் அடித்துச் சொல்வார்கள். பொய் சொல்லவில்லை. ஜனவரியில் தொடங்கியவர் மார்ச்சில் பொறுமை இழந்து ஏப்ரலில் நிறுத்துகிறார். பழைய பாக்கி முடிகள் விழுந்து தீரும் நேரமும் அதுதான். நிறுத்தாமல் இருந்திருந்தாலும் அப்போது குறைந்திருக்கும். ஒரு வாரம் கழித்தும் பாதி மருந்து உடம்பில் இருப்பதால் முதல் சில வாரம் எந்தக் குறையும் தெரியாது. மே, ஜூனில் ஹார்மோன் தரை தட்டுகிறது, புதிதாக முளைத்தவையும் ஓய்வுக்குப் போகின்றன. ஆகஸ்ட், செப்டம்பரில் அடுத்த சுற்று உதிர்வு ஆரம்பிக்கிறது. இடையில் இத்தனை மாதம் ஓடிவிட்டதால், ஏப்ரலில் நிறுத்திய மாத்திரையை அதோடு யாரும் முடிச்சுப் போடுவதில்லை, ஷாம்பூவை மாற்றுகிறார்கள்.