பி செல்லுக்குள்ள கால்சியம் ஏறி இறங்குற கதை

பி செல்னா கிருமிக்கு எதிரா ஆன்டிபாடி தயாரிக்கிற வெள்ளை ரத்த அணு. ஒரு பி செல் மேல கிட்டத்தட்ட 1 லட்சம் ரிசப்டர் (வெளிய இருக்கிறதைப் பிடிச்சுப் பார்க்கிற புரோட்டீன்) இருக்கும், எல்லாமே ஒரே அச்சு. அதுல கிருமியோட ஒரு துண்டு மாட்டுச்சுன்னா செல் பெருகணும், மாட்டினது நம்ம உடம்போட சொந்த சரக்குன்னா வாயை மூடிட்டு கிடக்கணும். ரெண்டுக்கும் ஒரே ரிசப்டர்தான், அப்புறம் உள்ள இருக்கிற டிஎன்ஏவுக்கு வித்தியாசம் எப்படித் தெரியுது?

ரிசப்டருக்கு செல்லுக்குள்ள நீட்டுற வால் ரொம்பக் குட்டி, அதால தனியா ஒண்ணும் கிழிக்க முடியாது, அதனால ஐஜி ஆல்ஃபா, ஐஜி பீட்டான்னு ரெண்டு புரோட்டீன் கூடவே ஒட்டிக்கிட்டு இருக்கும். லின்-ங்கிற என்சைம் அதுங்க வால்ல பாஸ்பேட்டை ஒட்டும், அதைப் பிடிச்சுக்கிட்டு சிக் வரும், பின்னாடியே பிடிகே, பிஎல்சி காமா 2... பேரெல்லாம் மறந்துட்டாலும் பரவால்ல, கடைசில செல்லுக்குள்ள கால்சியம் ஏறுது, அதான் மேட்டர்.

என்ஃபேட்னு ஒரு புரோட்டீன், மேல பாஸ்பேட் ஒட்டியிருக்கிற வரைக்கும் நியூக்ளியஸுக்குள்ள போக முடியாது. கால்சியம் ஏறினா கால்சிநியூரின் வந்து அந்த பாஸ்பேட்டை உரிச்சுடும், என்ஃபேட் உள்ள போய் ஜீனை ஆன் பண்ணும், ஆனா கால்சியம் இறங்கின கொஞ்ச நேரத்துல மறுபடி பாஸ்பேட் ஒட்டி வெளிய வந்துடும். ஜீனை ஆன் பண்ற இன்னொரு புரோட்டீன் என்எஃப் கப்பா பி, அதோட கதை வேற. அதை ஐகேபி-ன்னு ஒண்ணு கட்டிப் போட்டிருக்கும், சிக்னல் வந்தா செல் அந்த ஐகேபியையே அழிச்சுடும், அப்புறம் கால்சியம் இறங்கினாலும் புது ஐகேபி தயாராகுற வரைக்கும் இவர் உள்ளயேதான் உக்காந்திருப்பார்.

1997ல பி செல்லுல இதைப் பார்த்தாங்க: குபீர்னு ஏறி சட்டுனு இறங்குற கால்சியத்துக்கு என்எஃப் கப்பா பி கிளம்புச்சு, கம்மியா ஆனா விடாம நீடிக்கிற கால்சியத்துக்கு என்ஃபேட் மட்டும். சொந்த சரக்கை ஓயாம பார்த்துக்கிட்டே இருக்கிற பி செல்லுலயும் அந்த ரெண்டாவது மாதிரிதான், என்எஃப் கப்பா பி எழும்பாது, செல் மந்தமா கிடக்கும். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடமே இதுதான், அயனி ஒண்ணுதான், எவ்ளோ, எவ்ளோ நேரம்ங்கிறதுல ஜீன் லிஸ்டே மாறுது.

நடுவுல பிடிகேன்னு சொன்னேன்ல, அதுல பி-ன்னா புரூட்டன். ரத்தத்துல காமா குளோபுலினே (ஆன்டிபாடி இருக்கிற புரோட்டீன் பகுதி) இல்லாத ஒரு 8 வயசுப் பையனைப் பத்தி அவர் 1952ல எழுதினார், அந்த நோய்க்குக் காரணம் பிடிகேவோட ஜீன் பழுதானதுதான்னு தெரிய 1993 ஆச்சு. சில பி செல் கேன்சர்ல அப்படியே தலைகீழ், சிக்னல் நிக்கவே மாட்டேங்குது. அதை நிறுத்த 2013ல வந்த இப்ருடினிப்-ங்கிற மருந்து, பிடிகேல 481வது இடத்துல இருக்கிற சிஸ்டீன்-ங்கிற அமினோ அமிலத்தைப் பிடிச்சுக்கும், சில கேன்சர் செல் அந்த ஒரு சிஸ்டீனை மட்டும் மாத்திக்கிட்டு நழுவிடுது.