மாதவிடாய் நிற்கும் பருவத்து இரைப்பு நோய்: சொல் விளக்கம்

ஆஸ்துமா என்பது கிரேக்கச் சொல். வாயைத் திறந்து மேல்மூச்சு வாங்குதல் என்பதே அதன் முதற்பொருள். தமிழில் ஈளை, இழுப்பு, இரைப்பு என மூன்று சொற்கள் புழங்குகின்றன. ஈளை என்றால் கோழை. காசநோயையும் அது குறித்ததுண்டு. இழுப்பு வலிப்புக்கும் பெயர். இரைப்புதான் பொருந்துகிறது. கடல் இரைகிறது என்கிறோமே, அதே வினையடி. சுருங்கிய மூச்சுக்குழாயில் காற்று எழுப்பும் ஒலியே நோயின் பெயராகியிருக்கிறது. மூச்சுத்திணறல் என்று எழுதுவது பிழை. அது அறிகுறி மட்டுமே. இதயக் கோளாறிலும் இரத்தசோகையிலும் வரும்.

மெனோபாஸ் என்ற சொல்லை 1821இல் பிரெஞ்சு மருத்துவர் கார்தான் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். கிரேக்கத்தில் மாதம், ஓய்தல் என்ற இரு சொற்களின் சேர்க்கை அது. நாம் பரவலாக எழுதுவது 'மாதவிடாய் நிறுத்தம்'. நிறுத்துவது ஒருவர் செய்யும் செயல். இதுவோ தானாக நிற்பது. ஆகவே 'மாதவிடாய் நிற்றல்' என்பதே சரி. தொடர்ந்து 12 மாதங்கள் வராவிட்டால்தான் நின்றதாகக் கணக்கு. பெரும்பாலும் 45 முதல் 55 வயதுக்குள் நிகழும். இரைப்பு அதுவரை காத்திருப்பதில்லை. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறி இறங்கும் முந்தைய ஆண்டுகளிலேயே சிலருக்குப் பழைய இரைப்பு முற்றுகிறது, சிலருக்குப் புதிதாகத் தொடங்குகிறது. அதனால்தான் தலைப்பில் 'நிற்கும் பருவம்'.

இந்த வயதில் புதிதாக வரும் இரைப்பு பல நேரம் ஒவ்வாமை சாராதது. உடல் எடை கூடியவர்களிடம் மிகுதி. திடீர் உடல் சூடு, படபடப்பு, மூச்சு வாங்கல் எல்லாம் சேர்ந்து வருவதால் 'வயசுக் கோளாறு' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது பெரிய கேடு. கருவியில் ஊதி மூச்சின் அளவைப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை செய்யுங்கள். ஊதிய பின், மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தை 400 மைக்ரோகிராம் இழுத்து, 10–15 நிமிடம் கழித்து மறுபடி ஊத வேண்டும். முதல் நொடியில் வெளியேறும் காற்று 12 சதவீதமும் 200 மில்லிலிட்டரும் கூடினால் இரைப்புக்கு வலுவான சான்று. ஒருமுறை இயல்பாக இருந்தால் நோய் இல்லை என்று ஆகாது. ஊதும் காற்றின் உச்ச வேகத்தை வீட்டிலேயே அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் 2 வாரம் காலையும் மாலையும் மும்மூன்று முறை ஊதி, உயர்ந்த அளவைக் குறியுங்கள். மாதவிடாய்த் தேதியும் அதே தாளில் இருக்கட்டும்.

படபடப்புக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எழுதும்போது இரைப்பு உண்டென்று சொல்லிவிடுங்கள். அத்தகைய மாத்திரைகளில் ஒன்றான புரோப்ரனலோல் மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். இரைப்புக்குத் தரும் ஸ்டீராய்டு மாத்திரை 3 மாதத்துக்கு மேல் நீண்டால் எலும்பு அடர்த்தியைச் சோதிக்கக் கேளுங்கள். ஈஸ்ட்ரோஜன் குறைவால் ஏற்கெனவே தேயும் எலும்பு அது. இன்ஹேலரில் இழுக்கும் ஸ்டீராய்டு மருந்தில் அந்த ஆபத்து மிகக் குறைவு, அதற்கு அஞ்சி நிறுத்தாதீர்கள். வாயில் மருந்து தங்காமலிருக்க, இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். மாதவிடாய் நிற்கும் பருவத் தொல்லைகளுக்குத் தரும் ஹார்மோன் மாற்று மருந்து இரைப்பைக் கூட்டுமா குறைக்குமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. தொடங்குவதானால், தொடங்கும் முன்பும் பின்பும் பீக் ஃப்ளோ அளவைக் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.