சப்பை கொட்டுதுன்னா எல்லாமே நோய் இல்லீங்க

தை, மாசில கமுதி, சாயல்குடி பக்கம் மானாவாரி பருத்திக்காட்டுக்குள்ள போனீங்கன்னா செடிக்குக் கீழ சப்பையும் (அதான், விரியாத பூமொட்டு) பிஞ்சுமா கொட்டிக் கெடக்கும், பாத்ததும் நம்மாளுங்க நேரா மருந்துக்கடைக்குத்தான் போவாங்க. அதுக்கு முன்னாடி கீழ கெடக்குறதுல நாலஞ்ச எடுத்துப் பாருங்க. ஓட்டை இருந்துச்சுன்னா புழு. ஓட்டையே இல்ல, மழையும் நின்னு பல நாளாச்சுன்னா, பெரும்பாலும் செடியே கழட்டி விட்டதுதான்.

பருத்தி இயல்புல பல வருஷம் வாழுற செடி, நாமதான் அத ஒரு பருவத்துப் பயிரா வச்சிருக்கோம். நெல்லு மாதிரி ஒரே தடவ பூத்து முடிச்சுரணும்ங்கிற கட்டாயம் அதுக்கு கெடையாது. தண்ணி இருந்தா சப்பை வச்சுக்கிட்டே போகும், இல்லன்னா பாதிய உதிர்த்துட்டு அடுத்த ஈரத்துக்கு காத்துக்கெடக்கும்.

உள்ள என்ன நடக்குதுன்னா, மண்ணு காய ஆரம்பிச்சதும் வேர்லயும் இலையிலயும் அப்சிசிக் அமிலம்னு ஒரு ஹார்மோன் கூடுது, அது இலைல இருக்குற சின்னச் சின்ன துளைகள மூட வைக்குது. தண்ணி ஆவியாகுறது குறையும், சரி, ஆனா அதே துளை வழியாத்தான் கார்பன் டை ஆக்சைடும் உள்ள வரணும், அதனால மாவுச்சத்து தயாரிக்கிறதும் சேந்து குறைஞ்சிரும். இருக்குற சாப்பாடு எல்லா காய்க்கும் பத்தாது. அப்ப எத்திலீன்னு இன்னொரு ஹார்மோன் வேலைய ஆரம்பிக்கும், சப்பையும் இளம்பிஞ்சும் காம்போட சேர்ற எடத்துல ஒரு பிரிவு உண்டாகி தானா கழண்டு விழுந்துரும். பூத்து ரெண்டு வாரம் தாண்டுன காய மட்டும் செடி அவ்வளவு லேசுல விடாது, அதுல நெறைய செலவு பண்ணியாச்சுல்ல.

வேர் கதை இதவிட சுவாரசியம். முளைச்சு வர்றப்பவே ஆணிவேர் தண்ட முந்திக்கிட்டு கீழ போயிரும், அடியில இறுக்கமான மண்ணு இல்லன்னா ஒரு மீட்டருக்கு மேலயும் எறங்கும். ஐப்பசி, கார்த்திகை மழைய கரிசல் மண்ணு ஆழத்துல வச்சிருக்கும், மேல வெடிச்சுக் கெடந்தாலும் வேர் அதத்தான் குடிக்குது. எளம்பயிருக்கு அடிக்கடி தண்ணி கட்டுனா வேர் மேலாப்புலயே நின்னுரும், என்னைக் கேட்டா முதல் மாசம் லேசா வாட விடுறதுதான் நல்லது.

கடலோரத்துல இன்னொரு சிக்கல் உப்பு. வாலிநோக்கம், தேவிபட்டினம் மாதிரி எடத்துல மண்ணுல ஈரம் இருந்தாலும் உப்பு அத இழுத்துப் புடிச்சிக்கும், செடிக்கு அதுவும் ஒரு வறட்சிதான். அத சமாளிக்க செல்லுக்குள்ள பொட்டாசியம், சர்க்கரை, புரோலின்ங்கிற அமினோ அமிலம் எல்லாத்தையும் சேத்துவச்சு தண்ணிய தன் பக்கம் இழுக்குது. மண்ணோட உப்பு அளவு மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸ் தாண்டுனாலே நெல்லு விளைச்சல் குறைய ஆரம்பிக்கும், பருத்தி கிட்டத்தட்ட 7.7 வரைக்கும் தாங்கும். ஆனா முளைக்கிற நேரத்துல அவ்வளவு தாங்காது.

பலருக்கும் தெரியாத விஷயம் பஞ்சோட நீளம். ஒவ்வொரு இழையும் விதைத்தோல்ல இருந்து வளர்ற ஒரே ஒரு செல். பூத்த நாள்ல இருந்து சுமார் 20, 25 நாள் அது உள்ள இருக்குற தண்ணியோட அழுத்தத்துலதான் நீளுது, அப்ப காஞ்சா இழை குட்டையாயிரும், அதுக்கப்புறம் எவ்வளவு பாய்ச்சுனாலும் அந்த இழை நீளாது, விக்கப் போனா வெலையும் அடிபடும். அதனால கண்மாய்லயோ போர்லயோ ரெண்டு மூணு தண்ணிக்குத்தான் வழின்னா அத பூக்குற, காய் பெருக்குற நேரத்துக்கு வச்சுக்கோங்க. ஒரு சால் (வரிசைக்கு நடுவுல தண்ணி ஓடுற பள்ளம்) விட்டு ஒரு சால் கட்டுங்க, காஞ்ச பக்கத்து வேர் இலைக்கு சிக்னல் அனுப்பி துளைய பாதி மூட வைக்கும், நனஞ்ச பக்கத்து வேர் குடிச்சிக்கிட்டு இருக்கும். ரொம்ப நாள் காயப்போட்டுட்டு திடீர்னு வயல் நெறைய தேக்கிறாதீங்க, வேருக்கு காத்து இல்லாம மறுபடி ஒரு ரவுண்டு சப்பை கொட்டும்.

மதியம் இலை தொங்குறத பாத்து மோட்டார போட்டுறாதீங்க, அந்த வெயில்ல ஈரம் இருக்குற காட்டுலயும் கொஞ்சம் தொங்கும். காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போய் பாருங்க, அப்பவும் நிமிராம இருந்தா அன்னைக்கே தண்ணி கட்டிருங்க.