பியூட்டி எடிட்டர்: சொல்லும் தமிழும்

தோல், கூந்தல், ஒப்பனை, வாசனைத் திரவியம் ஆகியவை பற்றி ஓர் இதழில் என்ன வர வேண்டும், என்ன வரக் கூடாது என்று முடிவெடுப்பவர் பியூட்டி எடிட்டர். இவரை ‘அழகுக்கலை நிபுணர்’ என்று எழுதுவது பரவலான பிழை. பியூட்டி எடிட்டருக்குப் புருவம் திருத்தக்கூடத் தெரியாமல் இருக்கலாம். ஒரு கட்டுரையைத் திருத்தத் தெரியாமல் இருக்க முடியாது.

‘எடிட்டர்’ இலத்தீன் சொல். ‘வெளியே கொடு’ என்ற பொருளுடைய வினையிலிருந்து பிறந்தது. பழைய ரோமில் வாள்வீரர் போட்டிகளைச் செலவு செய்து நடத்தியவருக்கே அந்தப் பெயர். ஆங்கிலத்தில் 17ஆம் நூற்றாண்டில் அது நூல் வெளியிடுபவரைக் குறித்தது. இதழை நடத்துபவர் என்ற பொருள் பின்னர் வந்தது. ‘எடிட்’ என்ற வினை ‘எடிட்டர்’ என்ற பெயருக்குப் பின்னரே அதிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது. ‘பியூட்டி’ பழைய பிரெஞ்சு வழியாக வந்தது.

தமிழில் ‘பதிப்பாசிரியர்’ பொருந்தாது; சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்த உ.வே.சாமிநாதையர் போன்றோருக்கு உரிய சொல் அது. ‘தொகுப்பாளர்’ என்றால் திரைப்படமோ தொலைக்காட்சியோ நினைவுக்கு வரும். ‘அழகியல் ஆசிரியர்’ இன்னும் மோசம், ஏனெனில் அழகியல் என்பது கலைத் தத்துவம். (தொல்காப்பியச் செய்யுளியலில் ‘அழகு’ எண்வகை வனப்புகளுள் ஒன்று, அதாவது செய்யுளின் இயல்பு. அந்தப் பொருளில் எல்லா ஆசிரியர்களும் அழகு ஆசிரியர்களே.) இதழ் உலகம் ‘ஆசிரியர்’, ‘துணையாசிரியர்’, ‘பொறுப்பாசிரியர்’ என்று ஏற்கெனவே பழகியிருப்பதால் ‘அழகுப் பகுதி ஆசிரியர்’ என்பதே தெளிவு. வல்லெழுத்து மிகும், ‘அழகு பகுதி’ அல்ல.

ஆசிரியர் என்ற சொல் ஏன் முக்கியம் என்பது வேலையைப் பார்த்தால் புரியும். எழுதுவதற்காக நிறுவனங்கள் அனுப்பும் மாதிரிப் பொருள்கள் (பிரஸ் சாம்பிள்கள்) மேசையில் குவியும். அவற்றில் பெரும்பாலானவற்றைத் தள்ளுவதுதான் முதல் வேலை. புதுப் பொருளை முகத்தில் நேரடியாகப் பூசக் கூடாது. முழங்கை மடிப்பின் உட்புறத்தில் நாளுக்கு இரு வேளை, 7 முதல் 10 நாள் பூசிப் பார்க்க வேண்டும். ஒவ்வாமை உடனே தெரியாமல் சில நாள் கழித்தே தடிப்பாக வரலாம். ஒரே நாள் சோதனை ஏமாற்றுவது அதனால்தான். லிப்ஸ்டிக்கை ஒரே நாளில் மதிப்பிடலாம். சுருக்கம் குறைக்கப் பூசும் ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை) கிரீமுக்கு 12 வாரமாவது தேவை. ‘மூன்றே நாளில் சுருக்கம் போனது’ என்ற வரி வந்தால், போனது சுருக்கமல்ல, வறட்சி. ஈரப்பதம் ஏறியதால் கோடுகள் தற்காலிகமாக மங்கியிருக்கின்றன.

அடுத்தது உட்பொருள் பட்டியல். அதிக அளவில் உள்ளது முதலில் வரும். ஆனால் 1 விழுக்காட்டுக்குக் குறைந்தவற்றை எந்த வரிசையிலும் போடலாம். இங்கே ஒரு குறுக்குவழி: பொருள் கெடாமல் காக்கச் சேர்க்கும் ஃபீனாக்ஸிஎத்தனாலுக்கு ஐரோப்பிய விதிகளில் உச்சவரம்பு 1 விழுக்காடு. ஆகவே அங்கு விற்கும் பொருளில் அதற்குப் பின்னால் நிற்கும் மூலிகைச் சாறு, அட்டையில் எவ்வளவு பெரிதாக அச்சிடப்பட்டிருந்தாலும், 1 விழுக்காட்டைத் தாண்டாது. ‘தோல் மருத்துவர் பரிசோதித்தது’ என்பதும் அப்படித்தான்: சோதனை நடந்தது என்று சொல்கிறது, முடிவு என்ன என்று சொல்வதில்லை. சன்ஸ்கிரீனின் பாதுகாப்பு எண் (SPF) ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி அளந்தது. பலரும் அதில் பாதிகூடப் பூசுவதில்லை. எண்ணை மட்டும் அச்சிட்டு அளவை விட்டால் குறிப்பு அரைகுறை.

படங்களில் தவறுவது நிறம். ஒளிக்கேற்ப நிறத்தைத் தானே சரிசெய்யும் கேமராவின் வெள்ளைச் சமநிலை சிவப்பை ஆரஞ்சாக்கிவிடலாம். சாம்பல் நிற அட்டை வைத்துச் சரிசெய்ய வேண்டும். ஃபவுண்டேஷன் சில பூசிய அரை மணியில் கருக்கும். படம் பூசியவுடன் எடுக்கப்பட்டிருந்தால் வாசகர் தவறான ஷேடு வாங்குவார்.

தொடர்புடைய சொற்கள்: பியூட்டி ரைட்டர், அழகுப் பகுதி எழுத்தாளர். பியூட்டி டைரக்டர், அழகுப் பிரிவுத் தலைவர். மேக்கப் ஆர்ட்டிஸ்ட், ஒப்பனைக் கலைஞர். அட்வர்டோரியல், விளம்பரக் கட்டுரை. விளம்பரக் கட்டுரையின்கீழ் அழகுப் பகுதி ஆசிரியரின் பெயரைப் போடாதிருப்பதே முறை.